மாலத்தீவின் முரசும் உயரும் கடலும்

நம் வீட்டு மாசிச் சம்பலின் வழியே மாலத்தீவை நாம் நெடுங்காலமாக அறிவோம். 1153 இல் இஸ்லாத்தை ஏற்ற அந்நாட்டில் ஏறத்தாழ 1,200 தீவுகள் உள்ளன. பெரும்பாலான நிலம் கடல்மட்டத்திலிருந்து ஒன்றரை மீட்டர் உயரமே கொண்டது. 2009 இல் அதன் அமைச்சரவை கடலுக்கடியில் கூடி உலகுக்கு ஆபத்தை உணர்த்தியது.

அத்தீவினரின் மரபிசை 'போடுபெரு'. தென்னை மரத்தைக் குடைந்து செய்யும் பெருமுரசு அது. முன்பு திருக்கை மீனின் தோலும் போர்த்தினர். இன்று ஆட்டுத்தோலே மிகுதி. மெல்லத் தொடங்கி வேகமெடுக்கும் அவ்விசையைக் கேட்கச் சுற்றுலாப் பயணிகள் கூடுகின்றனர்.

முஸ்லிம் நாட்டில் முரசு விருந்தினர் கேளிக்கையாகலாமா என்று சிலர் கேட்கின்றனர். தஃப் தவிர்த்த கருவிகள் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை இங்கே விவாதிக்கப் போவதில்லை. என் கேள்வி வேறு: முரசறையும் இளைஞனின் உழைப்பால் பயனடைபவர் யார்?

1972 இல் தொடங்கிய சுற்றுலா, நெடுங்காலம் மக்கள் வசிக்காத தனித்தீவுகளின் சொகுசு விடுதிகளுக்கே உரியதாயிருந்தது. மது அங்கு உண்டு. மக்கள் வாழும் தீவுகளில் இல்லை. 2009 ஐ ஒட்டி ஊர்களிலும் விருந்தினர் இல்லங்களுக்கு அனுமதி கிடைத்தது. அங்கே பயணி பாங்கோசை கேட்டு எழுகிறார், ஊரின் ஒழுங்குக்கு உட்பட்டு உடுத்துகிறார். அவர் தரும் பணத்தில் ஒரு பங்கேனும் அவ்வூரிலேயே தங்குகிறது. இவ்வழியே மேல் என்பது என் கருத்து.

2015 முதல் வெளிநாட்டுப் பயணியிடம் ஒவ்வோர் இரவுக்கும் பசுமை வரி வாங்குகின்றனர். கழிவகற்றலுக்கும் கரைப் பாதுகாப்புக்கும் அத்தொகை உதவுகிறது. இது நியாயமே. ஆயினும் அப்பயணிகளைச் சுமந்து வரும் விமானத்தின் புகையும் கடலைச் சூடாக்குகிறது. சூடான நீரில் பவளப்பாறை வெளிறுகிறது. தீவுக்கு அரண் அப்பாறைதான். நிலம் விரிவாக்கக் கடலடி மணலை அள்ளுவதும் அதையே புதைக்கிறது. வெப்பம் பிறர் செய்த வினை என்றால், இது உள்ளூரார் தம் கையால் செய்வது.

ஊரை இழப்பதன் பொருளைக் கந்தொளுதூ மக்கள் அறிவர். 2004 சுனாமி (அது பருவநிலையால் வந்ததன்று) அத்தீவை வாழத் தகாததாக்கியது. சில ஆண்டுகள் தற்காலிக இருப்பிடங்களில் தவித்தபின் துவாஃபரு தீவில் குடியேறினர். முரசைப் புதிய தீவுக்குத் தூக்கிச் செல்லலாம். முன்னோரின் கப்ருகளை?

மாலத்தீவு செல்லும் நம் குடும்பத்தினர் ஊர்த்தீவு இல்லத்தில் தங்கட்டும். ஆட்டம் முடிந்ததும் படம் பிடித்ததோடு எழுந்துவிடாமல், அக்கரை பத்தாண்டுக்கு முன் எங்கே இருந்தது என்று முரசறைந்தவரிடமே கேட்கட்டும்.