கையில் தொங்கும் தோலும் நம்முடைய வாயும்

 

கொஞ்சம் நீளமான பதிவு. பெண்கள் கட்டாயம் வாசியுங்கள். ஆண்களும் வாசித்தால் நல்லது, ஏனென்றால் இந்த விஷயத்தில் பாதி உங்கள் பகிடியிலிருந்து தொடங்குவது.

பழைய மாணவி ஒருவரின் தாய் மெசேஜ் போட்டிருந்தார். பல வருடம் வெளிநாட்டில் வேலை செய்துவிட்டு வந்தவர். சீனி வருத்தம் என்று தெரிந்ததும் சோற்றைக் குறைத்து, நடந்து, ஒன்றரை வருடத்தில் முப்பது கிலோவுக்கு மேல் குறைத்திருக்கிறார். மாஷா அல்லாஹ். யாரும் கைதட்டவில்லை. கல்யாண வீட்டில் ஒரு மாமி இவருடைய கையைப் பிடித்து ஆட்டிப் பார்த்து, "என்ன புள்ள, தோல் மட்டும் மிஞ்சிப் போச்சே" என்று சபையில் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு அவர் கேட்டது இரண்டு கேள்வி. "டீச்சர், இந்தத் தோலை வெட்டி எடுக்கலாமாம், உண்மையா? எடுத்தா ஹராமா?"

இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல நான் ஆலிமா அல்ல. முதல் கேள்விக்கும் நான் டொக்டர் அல்ல. ஆனால் டிக்டொக்கில் இருபது செக்கன் வீடியோ பார்த்துவிட்டு முடிவெடுப்பதைவிட ஒரு டீச்சர் தேடி வாசித்துச் சொல்வது மேல் என்று நினைக்கிறேன்.

முதலில், அந்த மாமிமாருக்கு ஒரு பாடம். தோலுக்குள்ளே கொலாஜன், எலாஸ்டின் என்று இரண்டு நார்ப்பொருட்கள் இருக்கின்றன. சட்டைக்கு லாஸ்டிக் மாதிரி. உடம்பு பல வருடம் பருத்திருந்தால் லாஸ்டிக் இழுபட்டே இருந்து தளர்ந்துபோகும். கொழுப்புக் கரைந்த பிறகு பழைய அளவுக்குத் திரும்பி வராது. வயது போனாலும் இதுதான். எடையைக் குறைத்தவரின் கையில் தோல் தொங்கினால் அது அவர் பட்ட பாட்டின் அடையாளம், சோம்பலின் அடையாளம் அல்ல. கிறீம் பூசி அது ஏறாது. தேங்காய் எண்ணெய், கற்றாழை, ஒன்லைனில் விற்கும் கைப்பட்டி, ஒன்றுக்கும் ஏறாது. தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிப் பயிற்சி செய்தால் பின்கைத் தசை கொஞ்சம் திரண்டு, தளர்வு ஓரளவு மறையும். தளர்வு சிறிதாக இருந்தால் அதுவே போதும். நிறையத் தொங்கினால் போதாது.

நிறையத் தொங்குவது என்றால் எப்படி என்று பார்க்க சவூதியை எடுத்துக்கொள்ளுங்கள். காலித் ஷாஇரி என்ற இளைஞரின் எடை 2013இல் 610 கிலோ. மன்னர் அப்துல்லாஹ்வின் உத்தரவில் அவரை வீட்டிலிருந்து தூக்கி எடுத்து, விமானத்தில் ரியாதுக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தார்கள். ஐந்நூறு கிலோவுக்கு மேல் குறைந்தார். குறைந்த பிறகு மிஞ்சிய தோலை எடுப்பதற்கென்றே பல சத்திரசிகிச்சைகள் செய்ய வேண்டி வந்தது. அதை யாரும் ஆடம்பரம் என்று சொல்லமாட்டார்கள். அவ்வளவு தோலைச் சுமந்துகொண்டு நடக்கவும் முடியாது, குளிக்கவும் முடியாது.

நம் பெண்களில் பெரும்பாலோர் அவருக்கும் சாதாரண ஆளுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறார்கள். அதனால்தான் குழப்பம்.

இந்தக் கைச் சிகிச்சைக்குப் பெயர் பிராகியோபிளாஸ்டி. பிளாஸ்டிக் சேர்ஜன் செய்வது. (எங்கள் ஊரில் சிலர் இன்னும் உடம்புக்குள் பிளாஸ்டிக் வைப்பார்கள் என்று நினைக்கிறார்கள். அந்தச் சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது, உருவம் கொடுப்பது என்று அர்த்தம். வாளிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) பெரும்பாலும் முழு மயக்கம் கொடுத்து, அக்குளிலிருந்து முழங்கை வரை கையின் உள்பக்கமாக அல்லது பின்பக்கமாக வெட்டி, மிஞ்சிய தோலையும் கொழுப்பையும் எடுத்துவிட்டுத் தைப்பார்கள். தையல் எவ்வளவு நீளமோ தழும்பும் அவ்வளவு நீளம். இதைத்தான் விளம்பரத்தில் காட்டமாட்டார்கள். தொங்கும் தோலைக் கொடுத்துவிட்டுத் தழும்பை வாங்குகிறீர்கள். தழும்பு பல மாதம் சிவந்து நிற்கும், மங்குவதற்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம், முழுதாக அழியாது. நம்மைப் போல கறுத்த தோல் உள்ளவர்களுக்குத் தழும்பு தடித்து வளரும் வாய்ப்பும் கூட. காது குத்திய இடத்தில் உருண்டை வளர்ந்தவர்கள் இருந்தால் அதை டொக்டரிடம் முதல் வேலையாகச் சொல்லுங்கள்.

இன்னும் இருக்கிறது. தைத்த இடத்தில் நீர் கட்டலாம், கிருமி பிடிக்கலாம், தையல் விடலாம். முன்கைக்குப் போகும் ஒரு நரம்பு அந்தப் பாதையிலேயே ஓடுகிறது, அது அடிபட்டால் முன்கையின் உள்பக்கம் மரத்துப்போகும். சீனி கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் காயம் ஆறுவது கஷ்டம். மார்புப் புற்றுநோய்க்காக அக்குளில் கட்டி எடுத்தவர்களுக்குக் கை நிரந்தரமாக வீங்கும் ஆபத்து இருப்பதால், அந்த வரலாறு இருந்தால் மறைக்கவே கூடாது. எடை இன்னும் குறைந்துகொண்டிருந்தால் குறைந்தது ஆறு மாதமாவது ஒரே எடையில் நிற்கும்வரை பொறுக்கச் சொல்வார்கள். இப்போது எடை குறைக்க ஊசி போடுகிறவர்களும் இதைக் கவனியுங்கள்.

அதோடு சில வாரங்களுக்கு இறுக்கமான கைச்சட்டை, ஆறு வாரமளவுக்குப் பாரம் தூக்கத் தடை.

இந்த ஆறு வாரத்தை நான் நம்முடைய மலையில் வைத்துப் பார்த்தேன். பசறையிலோ ஹாலிஎலவிலோ கொழுந்து பறிக்கும் ஒரு அக்காவை நினைத்துக்கொள்ளுங்கள். விடிய எழும்பித் தண்ணீர் தூக்கி, மலைக்குப் போய், பதினெட்டு இருபது கிலோ கொழுந்தை நிறுவைக்குக் கொண்டுவந்து, திரும்பி வரும்போது விறகு. 2024இல் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1,350 ரூபாய். வாரத்துக்கு ஆறு நாள் என்று பார்த்தால் ஆறு வாரத்தில் 48,600 ரூபாய் இல்லாமல் போகும். சத்திரசிகிச்சைக் காசு இதில் சேரவில்லை, அது தனியாக லட்சக்கணக்கில். ஆக அந்த அக்காவுக்கு இந்தப் பேச்சே எழாது. அவருடைய கையை யாரும் சபையில் பிடித்து ஆட்டிப் பார்ப்பதுமில்லை, அந்தக் கையால் அடுப்பு எரிகிறது என்று வீட்டுக்குத் தெரியும்.

காசு அனுப்பிச் சேர்த்த நம் வெளிநாட்டுச் சகோதரிகளுக்குத்தான் எழுகிறது. மகளின் கல்யாணத்துக்கு வைத்த நகையை அடகு வைத்து இதைச் செய்யலாமா என்று கேட்டால் என் பதில் வேண்டாம். நேராகச் சொல்கிறேன். ஒரு மாமியின் வாய்க்குப் பயந்து அரைமுழத் தழும்பு வாங்குவது நட்டம். நம்முடைய சட்டைக் கை மணிக்கட்டு வரை இருக்கிறது, யாருக்குக் காட்டப் போகிறோம்?

ஆனால் மடிப்பில் வியர்த்து, புண் வந்து, ஆறி, திரும்ப வந்து, சட்டைக்குள் கை நுழையாமல், அடுப்படியில் நிற்க முடியாமல் கஷ்டப்படுகிறவருக்கு என் பதில் வேறு. அவர் அழகுக்காகப் போகவில்லை. அவர் போகட்டும். தன் புருஷன் தன்னைத் தொடுவதற்கே கூசும் அளவுக்கு மனம் உடைந்த பெண் இருந்தால், அவரையும் நான் இலேசாகப் பேசமாட்டேன். முதலில் அந்த மனதுக்கு ஒரு வழி பார்க்கச் சொல்வேன், அதற்குப் பிறகும் வேண்டும் என்றால் அது அவருடைய உடம்பு, அவருடைய தீர்மானம்.

மார்க்கத்தைப் பற்றி. அழகுக்காகப் பல்லை அராவி இடைவெளி உண்டாக்கி, அல்லாஹ்வின் படைப்பை மாற்றுகிறவர்களைப் பற்றிய கடுமையான ஹதீஸ் நம் எல்லோருக்கும் தெரியும், வாட்ஸ்அப்பில் வாரத்துக்கு ஒரு தடவை வருகிறது. வராத ஹதீஸ் ஒன்றும் இருக்கிறது. அர்பஜா இப்னு அஸ்அத் (ரலி) அவர்களின் மூக்கு குலாப் போரில் துண்டிக்கப்பட்டது. வெள்ளியில் மூக்குச் செய்து பொருத்தினார்கள், அது நாற்றம் எடுத்தது. நபி (ஸல்) அவர்கள் தங்கத்தில் செய்து வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அபூதாவூதிலும் திர்மிதியிலும் இருக்கிறது. ஆண்களுக்குத் தங்கம் தடை என்பது சின்னப்பிள்ளைக்கும் தெரியும், அப்படியிருந்தும் தங்கம். 2007இல் மலேசியாவின் புத்ராஜாயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அக்கடமியும் குறையைச் சரிசெய்வதையும் வெறும் அலங்காரத்துக்குச் செய்வதையும் பிரித்துத்தான் தீர்மானம் எடுத்தது.

ஆகவே மௌலவியிடம் போய் "அழகு ஒபரேஷன் செய்யலாமா" என்று ஒரே வரியில் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் அப்படித்தான் பதில் வரும். புண் இருந்தால் புண் என்று சொல்லுங்கள். டொக்டர் எழுதித் தந்ததைக் காட்டுங்கள். கூச்சமாக இருந்தால் அவருடைய மனைவியிடம் சொல்லியனுப்புங்கள். மௌலவிமாருக்கும் ஒரு பணிவான வேண்டுகோள், கேள்வி முடியும் முன்னே ஹராம் என்று சொல்லாமல் ஏன் கேட்கிறாய் என்று ஒரு தடவை கேளுங்கள்.

இப்போது எனக்குப் பயமான விஷயம். செய்யத் தீர்மானித்தவர்கள் பலரும் இரகசியமாகப் போகப் பார்க்கிறார்கள். 2022 மே மாதம் பெங்களூரில் சேத்தனா ராஜ் என்ற கன்னட நடிகை கொழுப்பு எடுக்கும் சிகிச்சைக்குப் போனார். வயது 21. பெற்றோருக்குச் சொல்லவில்லை. நுரையீரலில் நீர் கோர்த்து இறந்துபோனார். தெலுங்குப் படங்களில் நடித்த ஆர்த்தி அகர்வால் 2015 ஜூனில் அமெரிக்காவில் இறந்தபோது வயது 31, சில வாரங்களுக்கு முன்புதான் அவருக்குக் கொழுப்பு உறிஞ்சும் சிகிச்சை நடந்திருந்தது. இரண்டுமே கைத் தோல் சிகிச்சை அல்ல, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் மயக்கமும் கத்தியும் இரண்டுக்கும் பொது. கொழுப்பு உறிஞ்சுவதைக் கைக்கும் மலிவாகச் செய்து தருவதாகச் சொல்வார்கள். தளர்ந்த தோலுக்கு அது மருந்தல்ல, உள்ளே இருப்பதையும் எடுத்தால் இன்னும் தொங்கும்.

சலூனில், பியூட்டி பார்லரில், மேல்மாடி அறையில் செய்கிறோம் என்று யார் சொன்னாலும் எழும்பி வந்துவிடுங்கள். கத்தி வைக்கிறவர் இலங்கை மருத்துவச் சபையில் பதிந்தவரா, பிளாஸ்டிக் சத்திரசிகிச்சையில் விசேட தகுதி உள்ளவரா, மயக்கம் கொடுப்பதற்கென்று தனி டொக்டர் இருக்கிறாரா, அந்த இடம் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் பதிந்த தனியார் ஆஸ்பத்திரியா என்று கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிற இடத்தில் படுக்கக்கூடாது. வீட்டில் ஒரு ஆளுக்காவது, உம்மாவுக்கோ தாத்தாவுக்கோ, சொல்லாமல் போகவே வேண்டாம்.

கடைசியாக ஒன்று, இதை எழுத உட்கார்ந்தபோது நினைவில் வந்தது. பிளாஸ்டிக் சேர்ஜரி என்றால் நடிகைகளின் விஷயம் என்ற எண்ணத்தால் நம் மலையில் ஒரு கூட்டம் நட்டப்படுகிறது. அந்தத் துறை வளர்ந்ததே முதலாம் உலகப் போரில் முகம் சிதைந்த சிப்பாய்களுக்காக ஹெரல்ட் கில்லிஸ் என்ற வைத்தியர் செய்த வேலையால். நம் லயங்களில் தோல் மிஞ்சியவர்களைவிடத் தோல் போதாதவர்கள் இருக்கிறார்கள். குப்பி லாம்பு சரிந்து எரிந்தவர்கள், கொதிதண்ணீர் கொட்டியவர்கள். காயம் ஆறும்போது தோல் சுருங்கிப் பிடித்து, அக்குளோடு கை ஒட்டி, மேலே தூக்க முடியாமல் இருப்பார்கள். குப்பி லாம்பு செய்த அழிவைப் பார்த்துத்தான் டொக்டர் விஜய கொடகும்புர, சரியாத, மூடி இறுக்கமான சின்ன லாம்பொன்றை வடிவமைத்தார். 1998இல் அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. மின்சாரம் வந்த பிறகு லாம்பு குறைந்தாலும் பழைய தழும்போடு வாழ்கிறவர்கள் குறையவில்லை. கை மடங்கிய ஒரு பிள்ளை கரும்பலகையில் எழுத எக்கி நிற்பதைப் பார்த்த டீச்சர்மாருக்குத் தெரியும்.

ஒட்டிய தோலை விடுவித்து, தொடையிலிருந்து தோல் எடுத்து வைக்கும் சிகிச்சை இருக்கிறது. அரச ஆஸ்பத்திரியில் காசு இல்லை. பக்கத்து ஆஸ்பத்திரியில் காட்டி, பதுளை பெரியாஸ்பத்திரி சேர்ஜிகல் க்ளினிக்குக்குக் கடிதம் வாங்குங்கள், தேவை என்றால் அங்கிருந்து மேலே அனுப்புவார்கள். பழைய காயம்தானே, இனி என்ன என்று விடவேண்டாம். உங்கள் லயத்தில், தெருவில் அப்படி யாராவது இருந்தால் இன்பொக்ஸில் எழுதுங்கள். பெயர் வேண்டாம், எந்தத் தோட்டம், எத்தனை வயது என்று மட்டும் போதும். க்ளினிக் நாளைக் கேட்டுச் சொல்கிறேன். பஸ் தெரியாதவர்கள் என்றால் சனிக்கிழமை தவிர மற்ற நாட்களில் பாடசாலை விட்ட பிறகு நானும் கூட வந்து கடிதம் எடுத்துத் தருவேன்.