மருந்தின் நான்காவது கூறு

மக்களுக்கு நேரும் பகைகள் இருவகைப்படும். ஒன்று முழக்கமிட்டு வருவது. மற்றொன்று ஓசையின்றிப் புகுவது. காய்ச்சல் முதல்வகையைச் சார்ந்தது. உடல் கொதிக்கும், தலை நோகும், உணவு செல்லாது. ஆதலின் நோயுற்றவன் தானே மருத்துவனை நாடிச் செல்வான். இரத்தக் கொதிப்போ இரண்டாம் வகையைச் சார்ந்தது. அது பல்லாண்டுகள் உடலினுள் உறைந்திருந்தும் பெரும்பாலும் யாதொரு குறியுங் காட்டுவதில்லை. ஒருநாள் திடீரெனக் கையுங்காலும் செயலற்று விழும். அன்றி, மார்பு அடைத்து ஆள் சாய்வான். பகைவன் நெடுநாளாக வீட்டினுள்ளேயே குடியிருந்தான் என்பது அன்றுதான் புலனாகும்.

இவ்வோசையில்லாப் பகை, ஓசை மிகுந்த எம்மூரிடத்தே எவ்வாறு வென்று வருகின்றது என்பதையும், அதனை வெல்லும் வழி யாது என்பதையும் இக்கட்டுரையில் ஒருவாறு ஆராய்வாம்.

கோயமுத்தூருக்கும் திருப்பூருக்கும் இடையே இருப்புப்பாதையின் மருங்கில் அமைந்தது சோமனூர். ஊரினும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களினும் விசைத்தறிகள் நிறைந்துள்ளன. தறிக்குடோன் என வழங்கும் கொட்டகைகளில், ஆறு தறி உடையாரும் உளர். முப்பது தறி உடையாரும் உளர். இவருட் பெரும்பாலோர் தமக்கென நெய்வாரல்லர். வணிகர் தரும் பாவையும் நூலையும் பெற்று, துணியாக்கிக் கொடுத்து, மீட்டர்க் கணக்கிற் கூலி பெறுவோரே பலர். அக்கூலியை உயர்த்த வேண்டி 2025-ஆம் ஆண்டில் தறிகளை நிறுத்திப் போராடியதும் நாடறிந்த செய்தி. உடையார் நிலையே இதுவாயின், அவரிடம் வேலை செய்வோர் நிலையை விரித்துரைக்க வேண்டா. பன்னிரண்டு மணி நேர ஷிப்டு; நின்றே செய்யும் தொழில்; தறி ஓடினாற் கூலி, நின்றால் இல்லை. இஃது எம்மூரின் நாட்கணக்கு.

நிற்க. திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்துக் காட்டினார். நோயுற்றவன் ஒரு கூறு. அதனைத் தீர்க்கும் மருத்துவன் ஒரு கூறு. மருந்து ஒரு கூறு. அம்மருந்தை வேளை தவறாது அளித்து உடனிருந்து பேணுவோன் நான்காவது கூறு. இந்நான்காமவனை உழைச்செல்வான் என்பது நூல்வழக்கு. உரையாசிரியராகிய பரிமேலழகர் ஒவ்வொரு கூற்றுக்கும் நந்நான்கு இயல்புகள் உரைத்தார். நோயாளிக்குப் பொருள் வேண்டும் என்றும், மருந்து எளிதிற் கிடைப்பதாதல் வேண்டும் என்றும் அவர் கூறியவற்றை இக்காலத்து மருத்துவ நிருவாகிகளும் மறுக்கமாட்டார். இந்நான்கு கூறுகளுள் மருத்துவனும் மருந்தும் எம்மூருக்கு எட்டிவிட்டனர். நான்காவது கூறே இன்னும் எட்டவில்லை என்பது எனது கருத்து. இதனை நிறுவ, முதற்கண் மருந்தின் வரலாற்றைச் சிறிது நோக்குவாம்.

1945-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள், அமெரிக்க நாட்டின் தலைவர் பிராங்கிளின் ரூசுவெல்ட் மூளையிற் குருதிக்குழாய் வெடித்து உயிர் நீத்தார். அதற்கு முந்திய ஆண்டிலேயே அவருடைய இரத்த அழுத்தம் 186-க்கு 108 என அளந்து அறியப்பட்டிருந்தது. இறுதி நாளில் அது 300-ஐயுங் கடந்தது. உலகின் பெரும்படைகளுள் ஒன்றை நடத்திய அத்தலைவருக்கு மருத்துவர் அளிக்க இயன்றவை யாவை? உப்புக் குறைத்த உணவு, ஓய்வு, இதயத்தைத் தேற்றும் டிஜிடாலிஸ், அமைதி தரும் ஒரு மாத்திரை என்னும் இவையே. அழுத்தத்தை நன்கு தணிக்கும் மருந்து அவர் கைக்கு எட்டவில்லை.

ஆயினும் அக்காலத்தே அத்தகைய மருந்து உலகில் அறவே இல்லை என்று கூறுதலும் பொருந்தாது. நம் நாட்டு மூலிகையாகிய சர்ப்பகந்தியின் வேர் இரத்த அழுத்தத்தைத் தணிக்கும் என்பதைக் கல்கத்தாவில் கணநாத சேன், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இருவர் 1931-ஆம் ஆண்டிலேயே எழுதி வெளியிட்டனர். பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-இல் 'பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்' என்னும் இதழில் அதனை விரித்தெழுதிய பின்னரே மேனாட்டார் கண் அதன்மேற் சென்றது. 1952-இல் சுவிட்சர்லாந்து நாட்டுச் சீபா நிறுவனத்தார் அவ்வேரினின்று ரெசர்பின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். இவ்வரலாற்றால் நாம் அறிவது ஒன்றுண்டு. மருந்து உலகில் உளதாதல் வேறு. அது நோயுற்றவனைச் சென்று சேர்தல் வேறு. இடையே நிற்கும் தொலைவே உயிரைக் கொள்ளுகின்றது.

இன்று அம்மருந்துகள் பலவாகப் பெருகிவிட்டன. அம்லோடிபின் குருதிக்குழாயின் தசையை இளகச் செய்து வழியை அகலமாக்குகின்றது. எனலாப்ரில், லோசார்ட்டன் என்பன குழாய்களைச் சுருங்கச் செய்யும் உடற்பொருளின் வேலையைத் தடுக்கின்றன. ஹைட்ரோகுளோரோதயாசைடு மிகையான உப்பையும் நீரையும் சிறுநீரின் வழியே போக்குகின்றது. அட்டினோலால் இதயத்தின் விரைவைத் தணிக்கின்றது. ஜப்பானியராகிய அகிரா எண்டோ 1973-இல் ஒரு பூஞ்சணத்தினின்று கண்டறிந்த பொருளின் வழித்தோன்றலாகிய அட்டோர்வாஸ்டாடின், கல்லீரல் கொழுப்பை மிகையாக ஆக்காதவாறு காக்கின்றது. பழைய தலைவலி மாத்திரையாகிய ஆஸ்பிரினோ குருதியின் நுண்தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாவதைத் தடுக்கின்றது. மாரடைப்புற்ற 17,187 பேரை ஆராய்ந்து 1988-இல் வெளிவந்த ஆய்வொன்று, உரிய வேளையில் ஆஸ்பிரின் உண்டோரிடையே இறப்பு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்ததைக் காட்டிற்று. மேல் அழுத்தம் பத்து அளவு குறையின், பக்கவாதம் நேர்வதும் நான்கில் ஒரு பங்குக்கு மேற் குறையும் என்பது 2016-இல் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியோர் கண்ட முடிபு.

இவை செல்வர்க்கே உரியனவாயின் நாம் பேசிப் பயனில்லை. நம் மாநிலத்திலோ 1994-இல் நிறுவப்பெற்ற தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு அளிப்பதாயிற்று. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டம் தொடங்கப்பெற்று, இரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகள் வீட்டு வாயிலுக்கே வர வழி பிறந்தது. அதனை 2024-இல் ஐக்கிய நாடுகள் அவையின் ஒரு குழு பரிசளித்துப் பாராட்டிற்று. 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, மார்பு வலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்தை அடைந்தவனுக்கு ஆஸ்பிரின் இரண்டு, குளோபிடோக்ரல் நான்கு, அட்டோர்வாஸ்டாடின் எட்டு ஆகப் பதினான்கு மாத்திரைகளை உடனே அளித்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப ஏற்பாடாயிற்று. அமெரிக்கத் தலைவருக்கு அன்று கிட்டாதது, இன்று தறித் தொழிலாளிக்கு விலையின்றிக் கிட்டுகின்றது! இதனினும் பெரியதொரு மாற்றத்தைக் காண்டல் அரிது.

எனினும் பயன் யாது? 2020-ஆம் ஆண்டில் மாநிலம் முழுதும் எடுத்த கணக்கின்படி, இரத்தக் கொதிப்புடையோருள் அதனைக் கட்டுக்குள் வைத்திருந்தோர் நூற்றுக்கு 7.3 பேரே. 2023-24-இல் மீண்டும் எடுத்தபோது அது 17 ஆக உயர்ந்தது. உயர்ந்தது மகிழ்ச்சிக்குரியதே. ஆயின் எஞ்சிய எண்பத்து மூவர் எங்கே? மருந்து வாயில்வரை வந்தும் வாய்வரை வரவில்லை போலும்!

இதன் காரணங்களை எம்மூரில் வைத்தே காணலாம். முதலாவது, நோய் தன்னைக் காட்டாமை. "எனக்கு ஒரு தொந்தரவும் இல்லீங்க, எதுக்குங்க தெனமும் மாத்திரை?" என்று வினவுவோர் பலர். அளந்து பார்த்தபோது அழுத்தம் சரியாயிருப்பின், நோய் தீர்ந்ததென்று மாத்திரையை விடுவோர் அவரினும் பலர். அழுத்தம் சரியாயிருப்பது மாத்திரையினால் என்பதை அவர் எண்ணுவதில்லை. இழுத்துப் பிடித்த பாவு ஒழுங்காய் நிற்கின்றதே என்று பிடியை விடும் நெசவாளி உண்டோ?

இரண்டாவது, மருந்தினால் வரும் சிறு துன்பங்கள். அம்லோடிபின் உண்போருட் சிலர்க்குக் கணுக்கால் வீங்கும். பன்னிரண்டு மணி நேரம் நின்று தறி ஓட்டுவோனுக்கு அவ்வீக்கம் பெருந்தொல்லை. எனலாப்ரில் சிலர்க்கு வறட்டிருமலைத் தரும். பஞ்சுத்தூசு பறக்கும் கொட்டகையில் அதனையுஞ் சேர்த்துப் பொறுப்பது எளிதன்று. மருத்துவரிடம் உரைத்தால் அளவைக் குறைப்பார். அன்றி வேறு மருந்து தருவார். உரைப்பதற்கு நேரமின்றி இவர் மாத்திரையையே நிறுத்திவிடுகின்றனர். அட்டினோலாலைத் திடீரென நிறுத்தினால் இதயநோய் உடையார்க்குக் கேடு விளையும். இதயக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவர் குளோபிடோக்ரலைத் தாமாக நிறுத்தின் அங்கே குருதி உறைந்து அடைத்தலும் கூடும். மேலும், இடுப்பு வலிக்கும் கால் வலிக்கும் கடையில் வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகளுட் பல, அழுத்தத்தை உயர்த்தி நல்மருந்தின் வேலையைக் கெடுப்பன.

மூன்றாவது காரணமே பெரிது. அது காலத்தின்மை. ஊழியர் பகலில் வீட்டிற்கு வரும்போது, பகல் ஷிப்டினர் குடோனில் இருப்பர். இரவு ஷிப்டினர் உறங்கிக்கொண்டிருப்பர். மருத்துவ நிலையம் சென்று வரிசையில் நின்றால் அரைநாட் கூலி போம். 2024-இல் பெருந்தொழிற்சாலைகளுக்குள்ளேயே சென்று தொழிலாளரைச் சோதிக்கும் ஏற்பாடு தொடங்கிற்று. நன்று. ஆயின் எட்டுத் தறிக் கொட்டகையும் தொழிலகந்தானே? அங்கே நிற்போன் நெஞ்சும் நெஞ்சுதானே?

ஈண்டுச் சிலர் மறுத்துரைப்பர். "இது வாழ்நாள் முழுதும் அடிமையாக்கும் மருந்து, உணவைத் திருத்தினாற் போதாதோ?" என்பது ஒரு கூற்று. உப்பைக் குறைத்தலும், புகையும் குடியும் விடுதலும், உடலை இயக்குதலும் இன்றியமையாதனவே. தொடக்க நிலையில் சிலர்க்கு அவையே போதும். பலர்க்குப் போதா. நாள்தோறும் உண்பதனாற் சோற்றுக்கு அடிமையாயினோம் என்று யாரும் வருந்துவதில்லை. உயிர் காப்பதனை நாள்தோறும் கொள்ளுதல் அடிமைத்தனமன்று. "தன் மருந்தைத் தான் உண்ணாதது தொழிலாளியின் குற்றமே" என்பது மற்றொரு கூற்று. ஓராள் மறந்தால் அவன் குற்றம் எனலாம். நூற்றுக்கு எண்பத்து மூவர் தவறுவாராயின், தனிமனிதன் மறதி என்று அதனை ஒதுக்கலாகாது. அவர் வாழும் முறையிலேயே பிழை உளது.

ஆதலின் உழைச்செல்வானை நாமே ஆக்கல் வேண்டும். குடோன் தோறும் அழுத்தம் அளக்கும் கருவி ஒன்று இருத்தல் வேண்டும். அதன் விலை பெரிதன்று. ஷிப்டு மாறுங்கால் தேநீர் பருகும் வழக்கம் எங்கும் உண்டு. மருத்துவர் வேறு வேளை குறித்தாலன்றி, அவ்வேளையே மாத்திரை வேளையாகலாம். தறி உடையார், "இன்று மருந்து உண்டாயா?" என்று ஒரு சொற் கேட்பதனால் அவர் கூலியில் ஒன்றும் குறையாது, மாதம் ஒருநாள் ஒரு மணி நேரம் மருத்துவ நிலையம் சென்றுவரக் கூலி பிடியாது விடின், தேர்ந்த நெசவாளி ஒருவனைப் பக்கவாதத்துக்கு இழவாது காத்தவராவர். ஊழியரும் ஷிப்டு மாறும் வேளையறிந்து குடோனுக்கே வருமாறு அரசு செய்தல் தகும்.

மாணவராகிய நமக்கும் இதிற் பங்குண்டு. மாத்திரைப் பட்டைகளில் மருந்தின் பெயர் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே காணப்படுகின்றது. தமிழ் மட்டும் கற்ற நெசவாளிக்கு அது வெறுங்கோடு. ஒடிசாவினின்றும் பீகாரினின்றும் வந்து நம்மூரில் உழைப்போர்க்கும் அவ்வாறே. 'இது அழுத்தத்துக்கு, காலையில் ஒன்று, தானாக நிறுத்தற்க' என்று தெளிந்த தமிழில் ஒரு சீட்டெழுதி ஒட்ட, தமிழ் கற்ற நம்மினும் உரியார் யாவர்? விடுமுறைக்கு ஊர் செல்லும் ஒவ்வொருவரும் தம் தெருவில் ஐந்து வீட்டுக்கு இதனைச் செய்யலாம். மருந்தை மாற்றுதலும் அளவு கூறுதலும் நம் வேலையல்ல. அவை மருத்துவர்க்கே உரியன. வேளையை நினைவூட்டலும், சீட்டைப் படித்துக் காட்டலும், கால் வீங்கினால் அதனை மருத்துவரிடம் எடுத்துரைக்கத் துணை நிற்றலுமே நம் வேலை.

வள்ளுவர் வகுத்த நான்கு கூறுகளுள் மூன்றனை அறிவும் அரசும் அளித்துவிட்டன. எஞ்சிய ஒன்றற்குப் பட்டமும் வேண்டா; பெரும்பொருளும் வேண்டா. அடுத்தவன் உயிர்மேல் அன்பும், சொன்னதை மறவாது செய்யும் ஒழுங்கும் உடையார் எவரும் அக்கூறு ஆகலாம். சோமனூர்த் தறிகள் ஓடட்டும். அவற்றை ஓட்டுவோர் நெஞ்சும் நெடுநாள் ஓடட்டும்.