இன்னும் ஒரு வருஷம்

மொழிபெயர்ப்பவனைச் சில சொற்கள் படாதபாடு படுத்தும். ‘ரிப்பீட்டர்’ அதில் ஒன்று. ‘மறுமுறை தேர்வு எழுதுபவர்’ என்று எழுதலாம். பொருள் வரும், பெருமூச்சு வராது. கோலார் தங்கவயலில் யாரும் இதை மொழிபெயர்க்க மெனக்கெடுவதில்லை. “பையன் ரிப்பீட்டரு” என்றால் போதும். நீட் எழுதினான், சீட் கிடைக்கவில்லை, மறுபடி புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருக்கிறான் என்று ராபர்ட்சன்பேட்டைக்கே புரிந்துவிடும்.

அங்கே பெற்றோர்களுக்கு இரண்டு பயங்கள். இரண்டாம் முறை எழுதினால் மதிப்பெண்ணைக் குறைப்பார்களோ என்பது ஒன்று. பி.எஸ்சி.யில் சேர்ந்துகொண்டே நீட்டுக்கும் படித்தால் பின்னால் சிக்கல் வருமோ என்பது மற்றது.

இதே பயம் அமெரிக்காவில் இருந்தால் அதில் நியாயம் உண்டு. அங்கே பள்ளி மாணவர்கள் பக்கத்துக் கல்லூரியிலும் பெயரைப் பதிந்து ஒன்றிரண்டு பாடங்கள் படிக்கலாம். பதினாறு வயதில் வேதியியலில் ‘சி’ வாங்கிய பெண் அதே பாடத்தை மறுபடி படித்து ‘ஏ’ வாங்குகிறாள் என்று வையுங்கள். எம்.டி. படிப்புக்கான பொது விண்ணப்பத்தில் இரண்டையும் காட்டியாக வேண்டும். இரண்டும் சராசரியில் சேரும். நாலுக்கு நாலு வாங்கியும் முந்தைய இரண்டு கூடவே வர, கணக்கு மூன்றில் நிற்கும். ஆஸ்டியோபதி கல்லூரிகள் மட்டும் பழைய மதிப்பெண்ணை மறந்துவிடும் வழக்கத்தை வைத்திருந்தன. 2017-இல் அவையும் அதைக் கைவிட்டன.

நம் நாட்டில் நிலைமை நேர் எதிர். எத்தனை முறை நீட் எழுதினாய் என்று பார்த்து யாரும் மதிப்பெண்ணைக் குறைப்பதில்லை. உச்ச வயது வரம்பும் 2022-இல் போய்விட்டது. பொதுப் பிரிவினருக்கு இயற்பியல், வேதியியல், உயிரியலில் சேர்த்து 50 சதவீதம், தாழ்த்தப்பட்ட, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு 40 சதவீதம் இருந்தால் தகுதி உண்டு. அதற்கு மேல் பி.யு.சி. மதிப்பெண் ரேங்குக்கு உதவாது. பி.எஸ்சி. முதல் வருஷ மதிப்பெண்ணை யாரும் கேட்பதில்லை. கல்லூரி அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொண்டால்தான் தொல்லை. அப்படிப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இலேயே சொல்லிவிட்டது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீட் மதிப்பெண்ணுக்கு ஆயுள் ஒரு வருஷம்தான். போன வருஷம் 500, இந்த வருஷம் 470 என்றால் 470-தான் செல்லும். “பழசு கையில் இருக்கிறது, இன்னொரு தடவை முயன்று பார்ப்போம்” என்கிற சமாதானம் இங்கே எடுபடாது.

காகிதத்தில் களங்கம் இல்லை, சரி. செலவு? அதை விண்ணப்பத்தில் எழுதுவதில்லை, வீட்டில்தான் எழுதுகிறார்கள். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்து தோண்ட ஆரம்பித்த சுரங்கத்தை 2001 பிப்ரவரி 28-இல் மூடினார்கள். அதற்குப் பிறகு இந்த ஊருக்குச் சோறு போடுவது மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்கு விடிகாலையில் புறப்படும் ரயில். பி.யு.சி. முடித்த பிள்ளை ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்தால் பயிற்சி மையத்துக்குக் கட்டும் பணம் போகும், அவன் கொண்டு வந்திருக்கக்கூடிய சம்பளமும் போகும். பெண் பிள்ளையானால் “இன்னும் எத்தனை வருஷம்?” என்று கேட்க உறவுக்காரர்களுக்குச் சொல்லித் தரவா வேண்டும்?

சலுகைகளும் இந்த ஊரைத் தொட்டும் தொடாமலும் போகின்றன. ஜாதி ஒதுக்கீடு உண்டு. ஆனால் கர்நாடகத்தின் 15 சதவீத கிராமப்புற ஒதுக்கீடு நகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடையாது. கன்னட வழியில் படித்தோருக்கான 5 சதவீதம் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இல்லை. தமிழ்நாட்டின் 7.5 சதவீதமோ அங்குள்ள அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு. இத்தனையும் கைவிட்ட பிறகு மிஞ்சுவது இரண்டாம் முயற்சிதான்.

அந்த முயற்சிக்கு எவ்வளவு பலம்? எல்லை தாண்டித் தமிழ்நாட்டைப் பாருங்கள். நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-இல் தந்த அறிக்கையின்படி, எம்.பி.பி.எஸ். இடம் பெற்றவர்களில் மறுமுறை எழுதியவர்கள் 2016-17-இல் சுமார் 12 சதவீதம். 2020-21-இல் 71 சதவீதம். நீட் வந்த பிறகு வரிசையே மாறிவிட்டது. முதல் முயற்சியிலேயே டாக்டராவது விதிவிலக்கு, காத்திருந்து ஆவதே விதி என்றாகிவிட்டது.

எனவே ரிப்பீட்டர்களைத் திட்டிப் பயனில்லை. விதி அனுமதிக்கிறது, அவர்கள் எழுதுகிறார்கள். பி.எஸ்சி.யில் ஓர் இடத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு இன்னொரு முறை எழுதுவதும் புத்திசாலித்தனம்தான். கேட்க வேண்டிய கேள்வி வேறு. இரண்டாவது வருஷம் இவ்வளவு மதிப்புள்ளது என்றால், அதை வாங்க முடியாத வீட்டுக்கு அரசு என்ன தரப்போகிறது? தங்கவயலிலேயே இலவசப் பயிற்சி, படிக்கிற ஒரு வருஷத்துக்கு உதவித்தொகை என்று ஆரம்பிக்கலாம். அந்த 71 சதவீதத்தில் இருப்பவர்கள் காத்திருக்க முடிந்தவர்கள். முதல் முறையோடு விட்டுவிட்டு விடிகாலை ரயில் ஏறியவர்கள் அந்தக் கணக்கில் இல்லை.