‘டமால்’ கேட்குது... வசனம் கேட்கலையே!

பண்டிகைத் தள்ளுபடியில் சவுண்ட் பாரும் சப்வூஃபரும் வந்திறங்கும் வீடுகளில் முதல் வாரம் ஒரே கூத்துதான். பையன் சப்வூஃபரை முழு அளவில் ஏற்றிவைப்பான். ஹீரோ ஒரு குத்து விட்டால் ஷோகேஸ் கண்ணாடி அதிரும். கொடுத்த காசு வீண்போகவில்லை என்று அப்பாவுக்கும் பெருமை. சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பாட்டி மட்டும், ‘‘இப்ப அவன் என்னடா சொன்னான்?’’ என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அவருக்காக வால்யூமைக் கூட்டினால், அடுத்த சண்டைக் காட்சியில் கீழ்வீட்டுக்காரர் வந்து காலிங்பெல் அடிப்பார்.

பழியெல்லாம் பாட்டியின் காது மேல். ஆனால், பல வீடுகளில் குற்றவாளி மூலையில் இருக்கும் கறுப்புப் பெட்டிதான்.

மனிதக் காதுக்கு எட்டுவது சுமார் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை. ஹோம் தியேட்டரில் பொதுவாக 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை சப்வூஃபர் பார்த்துக்கொள்ளும். மற்றது மெயின் ஸ்பீக்கரின் வேலை. வசனத்தைப் புரியவைக்கும் ச, ட, த போன்ற ஒலிகளெல்லாம் அதற்கு வெகு மேலே இருக்கின்றன. கீழே பேஸ் அளவுமீறினால், மேலே உள்ள நுணுக்கமான ஒலிகளை அது அமுக்கிவிடும்.

இதில் அறையும் ஒரு விளையாட்டு காட்டும். 40 ஹெர்ட்ஸ் ஒலி அலையின் நீளம் ஏறக்குறைய 28 அடி. நம் ஹாலே அவ்வளவு இருக்காது! அலை சுவர்களில் மோதித் திரும்பும்போது சில இடங்களில் பேஸ் பெருகும், சில இடங்களில் காணாமலே போகும். 12 அடி அகல ஹாலில் 47 ஹெர்ட்ஸ் அருகே உள்ள ஒலி, அந்த இரு சுவர்களை ஒட்டிப் பலமாகவும் நடுவில் மிக மெலிதாகவும் கேட்கும். நடு ஹாலில் உட்கார்ந்த பையன் ‘பேஸே இல்லை’ என்று ஏற்றுகிறான். சுவரோரப் பாட்டிக்கு அதுவே இடி.

ஆகவே, குமிழைத் திருகும் முன் பெட்டியின் இடத்தைக் கவனியுங்கள். மூலையில் வைத்தால் இரு சுவரும் தரையும் சேர்ந்து பேஸைப் பெருக்கும். நல்ல இடம் கண்டுபிடிக்க ஒரு பழைய வித்தை உண்டு. சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் சோபாவிலேயே வைத்து, பேஸ் கிட்டார் நன்றாக நடக்கிற பாட்டு ஒன்றைப் போடுங்கள். பிறகு, சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள். (வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை.) எங்கே எல்லா சுரமும் ஒரே அளவாகக் கேட்கிறதோ அங்கே பெட்டியை வையுங்கள். பின்னால் 0, 180 என்று ஃபேஸ் ஸ்விட்ச் இருந்தால், சோபாவில் பேஸ் பலமாகக் கேட்கும் பக்கம் அதைத் தள்ளுங்கள்.

இனி அளவு. சப்வூஃபரைப் பூஜ்யத்தில் தொடங்கி மெள்ள ஏற்றுங்கள். பெட்டி தனியாகக் காதில் விழ ஆரம்பித்ததும் ஒரு படி இறக்குங்கள். சோதிக்க மிருதங்கத் தனியாவர்த்தனம் அருமையானது. வலந்தலை டி.வி. பக்கமும், தொப்பி மூலையிலுமாக வாத்தியம் இரண்டாகப் பிளந்து கேட்டால், இன்னும் கொஞ்சம் குறைக்கலாம். பிறகு சப்வூஃபரை அணைத்துப் பார்த்தால் ஏதோ குறைய வேண்டும். போட்டால் அது எங்கே இருக்கிறது என்றே தெரியக் கூடாது. இதைப் பாட்டியின் நாற்காலியிலும் உட்கார்ந்து கேளுங்கள். மொபைல் ஆப்பில் அளப்பதை நம்ப வேண்டாம். போன் மைக் பேச்சுக்காகச் செய்யப்பட்டது; அடிமட்ட ஒலிக்குச் சரியாக வராது.

தினமும் படம் பார்க்கும் அதே வால்யூமில் இதைச் செய்வது முக்கியம். சத்தம் குறையும்போது காது முதலில் இழப்பது பேஸைத்தான். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-லேயே இதை அளந்து காட்டினார்கள். கடையில் அலறவிட்டுக் கேட்டது வீட்டில் சப்பென்று இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அபார்ட்மென்ட்வாசிகளுக்கு: பேஸ் சுவரையும் தளத்தையும் சுலபமாகத் தாண்டும், கம்பளம் விரித்தால் நிற்காது. பெட்டிக்கு அடியில் தடித்த ரப்பர் அல்லது ஃபோம் வைத்தால் தரை அதிர்வு கொஞ்சம் குறையும். பல கருவிகளின் ரிமோட்டில் ‘நைட் மோட்’ இருக்கிறது. வெடியை அடக்கி, மெல்லிய ஒலிகளைத் தூக்கிக் கொடுக்கும். ராத்திரி 10 மணிக்கு மேல் அதைப் போட்டுவிடுங்கள்.