நின்ற இயந்திரத்திலும் மின்சாரம்!

செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்குக் கதவுகள் புகழ் பெற்றவை. அந்த மரவேலை காரைக்குடியில் இன்றும் நடக்கிறது. வீட்டுப் பட்டறைகளில் பழைய கடைசல் இயந்திரங்களும் சுழல்கின்றன.

மரத்தூள் புகுந்தால் சுவிட்சு கெடும். புதிது மாட்டும்போது கம்பி மாறிவிட்டால் வந்தது ஆபத்து! 'பேஸ்' கம்பியில் இருக்க வேண்டிய சுவிட்சு 'நியூட்ரல்' கம்பியில் அமைந்துவிடும். அணைத்தால் இயந்திரம் நிற்கும். ஆனால், உள்ளே 230 வோல்ட் மின்சாரம் காத்திருக்கும்! தொட்டால் உயிருக்கே ஆபத்து.

தப்ப வழி என்ன?

பழுது பார்க்குமுன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். இரும்புச் சட்டத்துக்கு 'எர்த்' கம்பி அவசியம். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி கடைகளில் கிடைக்கிறது. அதையும் பொருத்துவது நல்லது.

சுவிட்சு மாற்றும் வேலையைத் தேர்ந்த மின் பணியாளரிடம் விடுவதே புத்திசாலித்தனம்.