பிரிஸ்டலுக்குப் போனா பஸ் ஏறாதீங்க!

நம்ம டிபார்ட்மென்ட்டில் இருந்து வருஷத்துக்கு நாலு பேராவது மேற்படிப்புக்கு இங்கிலாந்து போகிறார்கள். போன மூணாவது வாரமே இன்ஸ்டாகிராமில் ஸ்டோரி வந்துவிடும். பிக் பென், லண்டன் ஐ, டவர் பிரிட்ஜ். தப்பே இல்லை. ஆனால் ஒரு இன்ஜினியரிங் மாணவருக்கு அந்த ஊரில் ஒரே ஒரு நாள்தான் லீவு கிடைக்கிறது என்றால், அதை லண்டனுக்குக் கொடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். லண்டனுக்கு மேற்கே, ரயிலில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரத்தில் பிரிஸ்டல் என்று ஒரு துறைமுக நகரம் இருக்கிறது. அங்கே போய் இறங்கியதும் செய்ய வேண்டியது ஒன்றுதான். பஸ் ஏறாதீங்க, கேப் புக் பண்ணாதீங்க. நடங்க.

போன வருஷம் அக்காவின் பட்டமளிப்பு விழாவுக்குக் குடும்பத்தோடு போய், நாலு நாள் அந்த ஊரை நடந்தே பார்த்தேன். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ஏன் நடக்கணும்? எந்தக் கட்டுமானத்தைப் பார்த்தாலும் ரெண்டு கேள்வி கேட்கலாம். இது எப்படி நிக்குது? இது யார் காசுல நிக்குது? முதல் கேள்விக்கு நமக்கு எட்டு செமஸ்டர் இருக்கிறது. ரெண்டாவது கேள்வி எந்த சிலபஸிலும் இல்லை. பிரிஸ்டலில் ரெண்டுக்குமான பதில்கள் பக்கத்து பக்கத்துத் தெருவில் இருக்கின்றன. பஸ்ஸில் போனால் ஸ்டாப்பிங் ஸ்டாப்பிங்காக முதல் பதிலைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். ரெண்டாவது பதில் ஸ்டாப்பிங்குகளுக்கு நடுவில்தான் கிடக்கிறது.

சரி, நடக்க ஆரம்பிப்போம்.

டெம்பிள் மீட்ஸ் ரயில் நிலையத்தில் இருந்து பழைய நகரத்துக்கு நடந்தால் கார்ன் ஸ்ட்ரீட் வரும். அங்கே பழைய வணிகக் கட்டடமான எக்ஸ்சேஞ்சின் முகப்பில் ஒரு கடிகாரம். அண்ணாந்து பாருங்க. அதில் நிமிட முள் ரெண்டு இருக்கும். ரிப்பேர் இல்லை. பிரிஸ்டல் கிரீனிச்சுக்கு மேற்கே சுமார் இரண்டரை டிகிரி தள்ளி இருக்கிறது. ஒரு டிகிரிக்கு நாலு நிமிஷம் என்று ஸ்கூலில் படித்தோமே, அந்தக் கணக்குப்படி இங்கே சூரியன் உச்சிக்கு வருவது லண்டனைவிடப் பத்து நிமிஷம் லேட். 1841-ல் லண்டன்–பிரிஸ்டல் ரயில் பாதை முழுசாகத் திறந்தபோது பிரச்சினை ஆரம்பித்தது. எந்த நேரத்தைப் பார்த்து ரயிலைப் பிடிப்பது? அதனால் ஊர் நேரத்துக்கு ஒரு முள், லண்டன் நேரத்துக்கு ஒரு முள். 1852-ல்தான் ஊர் லண்டன் நேரத்துக்கு மாறியது. ஒரு டெக்னாலஜி வந்தால் ஊரின் மத்தியான நேரம்கூட மாறும் என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்ல முடியாது.

அதே கடிகாரத்துக்குக் கீழே, நடைபாதையில் நாலு வெண்கல மேசைகள் நிற்கின்றன. வியாபாரிகள் பேரம் பேசி, பணத்தை எண்ணி வைத்த மேசைகள். கையை வைத்துப் பாருங்க. ரெண்டாவது கேள்வி இங்கேதான் தொடங்குகிறது. இந்த ஊருக்குப் பணம் எதில் வந்தது? சர்க்கரை, புகையிலை. அதோடு மனுஷங்க. 1698-ல் இருந்து 1807 வரை பிரிஸ்டல் கப்பல்கள் ஆப்பிரிக்காவில் இருந்து ஏற்றிப்போன அடிமைகளின் எண்ணிக்கை சுமார் 5 லட்சம் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள்.

அங்கிருந்து அஞ்சு நிமிஷம் இறங்கினால் ஊரின் மையம். அங்கே ஒரு பீடம் இருக்கிறது, மேலே சிலை இல்லை. எட்வர்ட் கோல்ஸ்டன் என்ற வியாபாரியின் சிலை 1895-ல் வைக்கப்பட்டது. அவர் செத்து 174 வருஷம் கழித்து! ஊருக்குப் பள்ளிக்கூடமும் முதியோர் இல்லமும் கட்டிக்கொடுத்த தர்மவான் என்று பேர். அடிமை வியாபாரத்தை நடத்திய ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் அவர் பொறுப்பில் இருந்ததைப் பீடம் சொல்லவில்லை. 2020 ஜூன் 7-ம் தேதி போராட்டக்காரர்கள் சிலையைக் கயிறு கட்டி இழுத்துச் சாய்த்து, உருட்டிக்கொண்டு போய்த் துறைமுகத் தண்ணீரில் தள்ளினார்கள். பீடத்தில் இருந்து அந்தத் தண்ணீர் வரை நீங்களே நடந்து பாருங்க. சில நிமிஷம்தான்.

வரலாற்றை அழிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் சிலை அழியவில்லை. அதைத் தண்ணீரில் இருந்து எடுத்து, துறைமுகக் கரையில் உள்ள எம் ஷெட் மியூசியத்தில் பெயின்ட் கறையோடு படுக்கவைத்துக் காட்டுகிறார்கள். டிக்கெட் கிடையாது. நின்றிருந்த 125 வருஷத்தில் சொல்லாத பாதிக் கதையை அந்தச் சிலை படுத்துக்கொண்டுதான் சொல்கிறது என்பது என் கருத்து.

சிலையைத் தள்ளிய இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நடைபாலம், பெரோ பாலம். ரெண்டு பெரிய கொம்பு வைத்த மாதிரி இருக்கும். எல்லாரும் அந்தக் கொம்பின் முன் போட்டோ எடுப்பார்கள். அது அலங்காரம் இல்லை, எதிர் எடை. படகு வரும்போது நடுத்துண்டு மேலே தூக்கும், அதைச் சமன்செய்யத்தான் அந்தக் கொம்பு. மெக்கானிக்கல் பசங்க ஒரு ஃப்ரீ பாடி டயகிராம் போட்டுக்கலாம். முதல் கேள்வி முடிஞ்சுதா? இப்போ ரெண்டாவது. பெரோ யார்? கரீபியன் தீவான நெவிஸில் 12 வயதில் விலைக்கு வாங்கப்பட்ட அடிமைச் சிறுவன். பின்ன தன் முதலாளியோடு பிரிஸ்டலுக்கு வந்து வீட்டு வேலை பார்த்தவர். அந்த முதலாளியின் வீடு பக்கத்துத் தெருவிலேயே மியூசியமாக இருக்கிறது. 1999-ல் திறந்த பாலத்துக்கு முதலாளி பேரை வைக்காமல் வேலைக்காரர் பேரை வைத்திருக்கிறார்கள்.

கொஞ்சம் தள்ளி காலேஜ் கிரீன் புல்வெளி ஓரத்தில் தலைப்பாகை கட்டிய ஒருவர் சிலையாக நிற்பார். நம்ம ராஜா ராம்மோகன் ராய்தான். உடன்கட்டை ஏறுவதைத் தடைசெய்த சட்டத்தை ரத்து செய்யச் சிலர் லண்டன் வரை மேல்முறையீடு போனபோது, அந்தச் சட்டத்துக்காக வாதாட வந்தவர். 1833 செப்டம்பர் 27-ல் பிரிஸ்டலில் இறந்தார். ஊருக்குத் தென்கிழக்கே ஆர்னோஸ் வேல் கல்லறைத் தோட்டத்தில் அவருக்கு இந்திய பாணியில் ஒரு மண்டபம் இருக்கிறது.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். பஸ் ஏறாதீங்க என்று சொன்னது நடக்கச் சொல்வதற்காக மட்டும் இல்லை. 1963-ல் இந்த ஊர்க்காரர்களே பஸ் ஏற மறுத்தார்கள். கறுப்பினத்தவரையும் ஆசியர்களையும் டிரைவராகவோ கண்டக்டராகவோ எடுக்க மாட்டோம் என்று ஊர் பஸ் கம்பெனி அடம்பிடித்தது. பால் ஸ்டீஃபன்சன் என்ற இளைஞரும் நண்பர்களும் புறக்கணிப்புக்கு அழைத்தார்கள். நாலு மாசம். ஆகஸ்ட் 28-ம் தேதி கம்பெனி இறங்கிவந்தது. அதன்பின் முதலில் வேலைக்குச் சேர்ந்த வெள்ளையர் அல்லாத கண்டக்டர் யார் தெரியுமா? ரக்பீர் சிங் என்ற ஒரு சீக்கியர். இன்றைக்கு நம்ம சீனியர்கள் அங்கே பார்ட் டைம் வேலைக்கு அப்ளை பண்ணும்போது தோல் நிறத்தைக் காட்டி வெளிப்படையாக 'இல்லை' என்று சொல்ல முடியாததற்குப் பின்னால், அந்த நாலு மாசமும் இருக்கிறது.

"கட்டுரை ஹிஸ்டரி கிளாஸ் மாதிரி போகுதே" என்று சிவில் பசங்க முணுமுணுப்பது கேட்கிறது. வாங்க, தண்ணீருக்குப் போவோம்.

பிரிஸ்டல் ஏவன் ஆற்றங்கரையில் இருக்கிறது. அந்த ஆறு கலக்கும் செவெர்ன் முகத்துவாரம், உலகத்திலேயே கடல் மட்டம் மிக அதிகமாக ஏறி இறங்கும் இடங்களில் ஒன்று. அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் வித்தியாசம் 12 மீட்டரைத் தாண்டும். நாலு மாடிக் கட்டடம் என்று வைத்துக்கொள்ளுங்க. ஒரு நாளைக்கு ரெண்டு தடவை தண்ணீர் வடிந்து, கப்பல்கள் சேற்றில் சாய்ந்து உட்கார்ந்துவிடும். வில்லியம் ஜெஸ்ஸோப் என்ற பொறியாளர் 1804-ல் இருந்து 1809-க்குள் ஒரு வேலை செய்தார். ஆற்றுக்குத் தெற்கே புதுசாக ஒரு கால்வாய் வெட்டி ஏற்ற இறக்கத்தை அந்தப் பக்கம் திருப்பிவிட்டார். பழைய ஆற்றை ரெண்டு முனையிலும் அடைத்து, கதவு போட்டு, எப்போதும் தண்ணீர் நிற்கிற மாதிரி செய்துவிட்டார். நீங்கள் இன்று நடக்கும் துறைமுகக் கரை முழுக்க அந்தப் பழைய ஆறுதான்.

தண்ணீர் நின்றால் வண்டல் படியும். இதற்கு வழி சொன்னவர் இசம்பார்ட் கிங்டம் புரூனெல். உபரித் தண்ணீர் அணைக்கு மேலே வழிந்து போவதற்குப் பதிலாக, அடியில் மதகு வைத்துத் திறந்துவிட்டால் வண்டலையும் இழுத்துக்கொண்டு போகுமே என்றார். இன்றும் அதே தத்துவம்தான் வேலை செய்கிறது. அந்த இடத்தின் பேரே அண்டர்ஃபால் யார்டு. பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்ற அப்பா அங்கே ரொம்ப நேரம் நின்றார். "ஆள் வச்சு தூர் வாராம தண்ணியையே தூர் வார வச்சிருக்கான்" என்றார். அந்த நாலு நாளில் அவர் மனசாரப் பாராட்டியது இதை மட்டும்தான்.

அதற்கு முன்பே வழியில் புரூனெலின் கப்பல் வந்துவிடும். எஸ்.எஸ். கிரேட் பிரிட்டன். இரும்பு உடம்பு, பின்னால் சுழலும் புரொப்பெல்லர். 1843 ஜூலை 19-ல் மிதக்க விட்டபோது உலகத்திலேயே பெரிய கப்பல். நம்ம ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் லேப் கதவு வழியாக வெளியே வராத கதை எல்லாருக்கும் தெரியும் இல்லையா? இதுவும் அதேதான். துறைமுகக் கதவைவிடக் கப்பல் பெரிசு. கல் கட்டுமானத்தைக் கொஞ்சம் பெயர்த்து, 1844 டிசம்பரில்தான் வெளியே கொண்டுபோனார்கள். கடைசியில் ஃபாக்லாந்து தீவில் கைவிடப்பட்டுத் துருப்பிடித்துக் கிடந்ததை இழுத்துவந்து, 1970 ஜூலை 19-ல், அதே தேதியில், கட்டிய அதே தளத்திலேயே சேர்த்தார்கள். துரு மேலும் பரவாமல் இருக்கக் கப்பலின் அடிப்பாகத்தைச் சுற்றிக் கண்ணாடிக் கூரை போட்டு, உள்ளே காற்றின் ஈரப்பதத்தைச் சுமார் 20 சதவீதத்தில் வைத்திருக்கிறார்கள். மழை ஊரில் ஒரு பாலைவனம்.

கடைசியாக ஏற்றம். மூச்சு வாங்கும், பரவாயில்லை. மேலே கிளிஃப்டன் தொங்குபாலம். தூண்களுக்கு நடுவே 214 மீட்டர். ஆற்றுக்கு மேலே ஏறக்குறைய 75 மீட்டர் உயரம். போட்டியில் புரூனெலின் டிசைன் தேர்வானபோது அவருக்கு வயசு 24. பணம் தீர்ந்து 1843-ல் வேலை நின்றது. 1859-ல் அவர் இறந்தபிறகு, சக பொறியாளர்கள் அவர் நினைவாக 1864-ல் முடித்தார்கள். லண்டனில் பிரிக்கப்பட்ட, அவரே கட்டிய வேறொரு பாலத்தின் சங்கிலிகளைக் கொண்டுவந்து மாட்டினார்கள். அதைவிடப் பெரிய ஆச்சரியம், கெட்டியான கல் என்று எல்லாரும் நம்பிய அடித்தளத்துக்குள் 12 வளைவுக் கூடங்கள் காலியாக இருப்பது 2002-ல்தான் தெரியவந்தது. டிராயிங்கை ஒழுங்காகப் பத்திரப்படுத்துங்க என்று நம்ம பேராசிரியர்கள் கத்துவது சும்மா இல்லை. இந்தப் பாலத்தில் கார் போகக் காசு. நடந்தால் இலவசம்.

இதெல்லாம் யூடியூபில் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, தனித்தனி வீடியோவாக. பாலத்துக்கு ஒன்று, கப்பலுக்கு ஒன்று, சிலைக்கு ஒன்று. பாலத்தை ரசிப்பவர் சிலை வீடியோவைப் பார்ப்பதில்லை, சிலைக்காகச் சண்டை போடுபவர் மதகைக் கவனிப்பதில்லை. நடக்கிறவருக்கு அந்த வசதி இல்லை. ஒன்றில் இருந்து இன்னொன்றுக்குப் போகும்போது முதலில் பார்த்தது மண்டைக்குள் இருக்கும். ஜெஸ்ஸோப்பின் துறைமுகம் பாதி கட்டிய நிலையில் இருந்த 1807-ல்தான் அடிமை வியாபாரத்தை நாடாளுமன்றம் தடைசெய்தது. இந்த ரெண்டு தேதியும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றது எனக்குத் துறைமுகக் கரையில் நடக்கும்போதுதான்.

இதைச் சொல்வதால் பாலத்தின் அழகு குறைந்துவிடாது. அந்தக் கணக்கும் சரிதான், இந்தக் கணக்கும் சரிதான். ஒன்றை மட்டும் போட்டுவிட்டு எழுந்து போகிற பொறியாளராக நாம் ஆகிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. நாளைக்கு நாமும் அணையோ சாலையோ ஆப்போ கட்டப்போகிறோம். காசு எங்கிருந்து வருகிறது, யார் இடம் போகிறது என்று கேட்கும் பழக்கத்தை வேலைக்குச் சேர்ந்தபிறகு யாரும் சொல்லித்தர மாட்டார்கள்.

நல்ல ஷூ, ஒரு மழைக்கோட்டு, ஒரு பகல் போதும். போய்விட்டு வந்தவர்கள் பத்திரிகைக்கு எழுதி அனுப்புங்க. பாலத்து போட்டோ எங்களிடம் நிறைய இருக்கிறது. ரெண்டாவது கேள்விக்கு உங்களுக்கு என்ன பதில் கிடைத்தது என்று மட்டும் எழுதுங்க.