ஆலங்கட்டித் தணிப்பும் அதன் ஆதரவாளரும்

ஆலங்கட்டி விழாவிடின், "மேக விதைப்பின் பயன் இது" என்பர். விழுந்தாலோ, "விதைப்பு நிகழாதிருப்பின் இதனினும் பெரிதாய் விழுந்திருக்கும்" என்பர். கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்தில் 1996ஆம் ஆண்டு காப்புறுதிக் கம்பனிகளின் பணத்திலே தொடங்கிய ஆலங்கட்டித் தணிப்புத் திட்டத்தின் ஆதரவாளர் கூறுவனவற்றைச் சுருக்கின் எஞ்சுவது இவ்வளவே. எது நேரினும் தோற்காத வாதத்தை விஞ்ஞானம் என்று எங்ஙனம் ஏற்பது?

அவர்தம் கொள்கை வெறுங் கற்பனை என யாம் கூறவில்லை. 1946இல் ஷேபர் உலர்பனிக்கட்டியாலும், வொனெகற் வெள்ளி அயடைட்டாலும் மீக்குளிர்ந்த நீர்த்துளிகளைப் பனிப்பளிங்குகளாக்கலாம் எனக் காட்டினர். பளிங்கமைப்பிலே வெள்ளி அயடைட்டு பனிக்கட்டியை ஒத்தது. அதனை முகிலினுள் தூவின் கருக்கள் பெருகும். உள்ள நீருக்கு அவை தம்முட் போட்டியிடும். எனவே கற்கள் சிறுத்து, நிலத்தை அடையுமுன்னரே உருகிவிடும் என்பது எதிர்பார்ப்பு. கரும்பலகையில் இஃது அழகாகவே இருக்கின்றது.

ஆனால் வானத்திற் சோதித்தவர் கண்டது வேறு. 1972இல் அமெரிக்காவின் கொலராடோவில் ஐந்தாண்டுக்கெனத் தொடங்கிய தேசிய ஆலங்கட்டி ஆராய்ச்சிப் பரிசோதனையில், விதைக்கும் நாட்கள் எழுமாறாகத் தெரிவு செய்யப்பட்டன. மூன்று பருவங்களோடு விதைப்பு நின்றது; விதைத்த நாட்களுக்கும் விதையா நாட்களுக்குமிடையே புள்ளிவிபரவியல் ஏற்கத்தக்க வேறுபாடு தென்படவில்லை. சோவியத் நாட்டிற் பெருவெற்றி பெற்றதாகப் பறைசாற்றப்பட்ட ரொக்கெற் முறையைச் சுவிஸ், பிரெஞ்சு, இத்தாலிய ஆய்வாளர் 1977 முதல் 1981 வரை சுவிற்சர்லாந்திற் சோதித்தனர். அங்கும் பயன் புலப்படவில்லை.

இவற்றைக் கூறின் ஆதரவாளர் ஐடகோவைக் காட்டுவர். அங்கு 2017இல் விமானம் சென்ற தடத்திலேயே பனிப்பளிங்குகள் தோன்றியமையை ராடர் ஐயத்துக்கிடமின்றிப் பதிவு செய்தது உண்மையே. ஆயின் அது மலைமேற் படர்ந்த மாரிகால முகில்; கோடையிற் குமுறியெழும் இடிமுகிலன்று. ஒன்றிற் கண்டதை மற்றொன்றுக்கு ஏற்றுவது தருக்கமாகாது.

அல்பேர்ட்டாத் திட்டம் நடைமுறையில் இருந்தபோதே, 2020 யூனில் கல்கரி நகரில் விழுந்த ஆலங்கட்டியால் 100 கோடி டொலருக்கு மேலும், 2024 ஓகஸ்டில் 250 கோடி டொலருக்கு மேலும் காப்புறுதி செய்யப்பட்ட சேதம் ஏற்பட்டது. இவ்விரு புயல்களும் திட்டத்தின் தோல்விக்குச் சான்றாகா. தனியொரு புயல் எதனையும் நிறுவாது. அங்ஙனமாயின் புயலற்ற கோடையும் வெற்றிக்குச் சான்றாகாதன்றோ?

எழுமாற்றுச் சோதனை நடத்துங்கள் என்றால், "பாதி நாட்களில் நகரைக் கைவிடுவதா?" என வெகுண்டெழுகின்றனர். மருந்து பலிக்கும் என்பது முன்னரே தெரிந்திருந்தாலன்றோ அதனைக் கொடாமை கைவிடலாகும்? சேதக் கணக்கு முழுவதையும் கையில் வைத்திருக்கும் காப்புறுதிக் கம்பனிகளைவிட இச்சோதனைக்குத் தகுதியுடையார் வேறெவர் என்பதும் விளங்கவில்லை.

"செலவு அற்பந்தானே" என்பது அவர்களின் இறுதி அரண். மந்திரித்த கயிற்றின் விலையும் அற்பந்தான். 2020ஆம் ஆண்டுப் புயலின் பின்னர் கல்கரி மாநகர நிருவாகம் ஆலங்கட்டியைத் தாங்கும் கூரைகளுக்கு வீடொன்றுக்கு 3,000 டொலர் வரை மானியம் வழங்கியது. அத்தகைய கூரைத் தகட்டின் மீது சோதனைச்சாலையில் உருக்குக் குண்டுகளை விழவிட்டுப் பார்க்கின்றனர். வெடிப்புக் கண்ட தகட்டுக்கு அங்கே சான்றிதழ் கிடைப்பதில்லை.